இரண்டு கட்டிலுக்கு ஒரு பாட்டில்

அந்த யோசனை எனக்கு ஒரு வாஷ்பேசின் முன்னால் வந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நான் போனதே வேறு காரியமாக. எங்கள் மருந்தகத்திலிருந்து அனுப்பிய உப்புக் கரைசல் பாட்டில் ஒன்றில் ரப்பர் மூடி தளர்ந்திருந்ததாம்; போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்கள். மாடிப்படித் திருப்பத்தில் எனக்கு முன்னால் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். சிமெண்டு படிந்த கால்கள். தலைத்துண்டை அவிழ்த்து அதில் ஒரு கண்ணாடி பாட்டிலைச் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி நின்ற பிறகுதான் அடுத்த படி. துண்டுக்கு வெளியே தெரிந்த லேபிளைப் படித்தேன். லேபிளைக் கண்டால் படிக்காமல் விட முடியாத வியாதி எனக்கு. அமினோ அமிலக் கரைசல். அதாவது, வாயால் சாப்பிட முடியாதவருக்கு ரத்தக்குழாய் வழியாகப் போகிற பருப்பும் முட்டையும்.

அவரைத் தாண்டி ஓடி உள்ளே நுழைந்தால், ஐ.சி.யு.வின் பொறுப்பு சிஸ்டர் அதே லேபிள் ஒட்டிய பாட்டிலை, இன்னும் பாதி இருக்கும்போதே, வாஷ்பேசினில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வெளிர்மஞ்சளாகச் சுழித்துச் சுழித்து இறங்கிப் போனது.

“எதுக்கு சிஸ்டர் கொட்டறீங்க?”

“நேத்து காலைல தொறந்தது மோளே. டயம் கழிஞ்சு.”

சிஸ்டர் கோட்டயத்துக்காரர், கோயம்புத்தூரில் நர்சிங் படித்தவர். தமிழையும் மலையாளத்தையும் கலந்து ஒரு பாஷை வைத்திருந்தார், கோபம் மட்டும் இந்தியில்தான் வரும். அவர் செய்தது சரி. திறந்த பாட்டில் ஒரு நாளுக்கு மேல் ஆகாது, கிருமி சேரும். யாராவது கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அதே சமயம் கதவு திறந்தது. படியேறி வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் துண்டைப் பிரித்து, பாட்டிலை இரண்டு கையாலும் நீட்டினார். சிஸ்டர் அதை வாங்கி, மூடி மேலிருந்த அலுமினிய முத்திரையை அவர் முகத்துக்கு நேரே காட்டினார். அவர் உற்றுப் பார்த்துத் தலையசைத்தார். அதற்குப் பிறகே பாட்டில் கட்டிலுக்குப் போனது. அந்த வார்டின் வழக்கம் அது. அன்று நான் அதைக் கவனித்ததோடு சரி.

என் தலைக்குள் ஓடியது வேறு. இந்தச் சாப்பாட்டுக்கு என்ன செலவு என்று கேட்டால் எல்லோரும் பாட்டில் விலையைச் சொல்கிறோம். பாட்டிலா பசியாறுகிறது? உடம்புக்குள் போய்ச் சேர்ந்ததற்கு என்ன விலை என்று யாராவது போட்டுப் பார்த்திருக்கிறார்களா? ரப்பர் மூடியைப் பார்க்காமலே திரும்பி வந்துவிட்டேன். மறுபடியும் போக வேண்டியிருந்தது.

ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக தில்லி முழுவதையும் தோண்டிக் கட்டி முடித்த மறு வருஷம் அது. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்து, பார்மசி பட்டம் வாங்கி, அந்தப் பெரிய அரசு மருத்துவமனையில் நான் வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு குளிர்காலம்கூட வரவில்லை. மாத்திரை எண்ணி உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். கை எண்ணும், மனசு வேறு எங்காவது போய்விடும். அப்படிப்பட்டவளிடம் இப்படி ஒரு கேள்வி சிக்கினால் என்ன ஆகும்? மறுநாளே அறுவை சிகிச்சைத் துறைப் பெரிய டாக்டரை வராந்தாவில் மடக்கினேன்.

அவர் பஞ்சாபி. நடந்துகொண்டேதான் பேசுவார். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். அந்த வேகத்தை எழுத முடியாது.

“என்ன வேணும்? ஜல்தி சொல்.”

சொன்னேன். இப்போது வார்டில் சர்க்கரைக் கரைசல் ஒன்று, அமினோ அமிலம் ஒன்று, கொழுப்பு ஒன்று, உப்பு ஒன்று என்று தனித்தனி பாட்டிலாகத் தொங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ட்ரிப் செட், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நர்ஸின் நேரம், ஒவ்வொன்றிலும் மிச்சம். இதையே கீழே மருந்தகத்தில், நாம் உப்புக் கரைசல் தயாரிக்கிற சுத்தமான அறையில், அந்தந்த நோயாளியின் எடைக்குத் தக்கபடி ஒரே பாட்டிலில் கலந்து அனுப்பினால்? வெளிநாடுகளில் அப்படித்தான் செய்கிறார்களாம். எது மலிவு என்று ஒப்பிட்டுக் காட்டுகிறேன்.

“வெளிநாட்டுல மின்சாரம் போறதில்லை, முனிம்ஜி,” என்றார். முனிம்ஜி என்றால் கடையில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை. அன்றிலிருந்து அந்த மருத்துவமனையில் எனக்கு அதுதான் பெயர்.

நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினார். “டைபாய்டு கேஸ் ஒண்ணு இருக்கு, உங்க மதராஸிதான். அவளை வைத்து ஒப்பிட்டுப் பார். கலக்குறது மலிவுன்னு காட்டினா கமிட்டிக்கு எடுத்துட்டுப் போறேன். இல்லேன்னா போய் மாத்திரை எண்ணு.”

அந்த டைபாய்டு கேஸ் படியேறிக்கொண்டிருந்தவரின் மனைவி.

ஜனக்புரிப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த குடியிருப்புகளில் இருவருக்கும் வேலை. அவர் கலவை போடுவார், அந்த அம்மா செங்கல் சுமப்பார். டைபாய்டு முற்றிக் குடலில் ஓட்டை விழுந்து, அறுவை செய்து தைத்து, தையலும் விட்டுப்போயிருந்தது. வாயில் எதைப் போட்டாலும் வயிற்றுக் காயம் வழியாகக் கசிந்தது. குடலுக்கு ஓய்வு கொடுத்து, காறை எலும்புக்குக் கீழே பெரிய ரத்தக்குழாயில் செருகிய குழாய் வழியாகச் சாப்பாடு போட்டால் ஓட்டை தானே மூட வாய்ப்பு உண்டு. ஆனால் சாப்பாடு நிற்கக்கூடாது. நின்றால் சதை கரையும், காயம் ஆறாது, அவ்வளவுதான். கட்டில் இலவசம், அறுவை இலவசம். அமினோ அமிலமும் கொழுப்பும் மட்டும் மருத்துவமனையில் கிடையாது. சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், வெளியே வாங்கி வர வேண்டும். ஒரு பாட்டிலுக்கு அவருடைய பல நாள் கூலி போய்விடும்.

என் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“தமிழாம்மா நீங்க? எந்தூரு?”

“மோதி பாக்.”

“அது இல்லம்மா. சொந்த ஊரு.”

“அப்பாவுக்குத் திருநெல்வேலி.”

“அப்பிடிச் சொல்லுங்க. நீங்க அந்தக் கோடி. நாங்க கள்ளக்குறிச்சிப் பக்கம்.” பிறகு கட்டிலைக் காட்டி, “எப்பம்மா வாயால திம்பா?” என்றார்.

“டாக்டர்தான் சொல்லணும் அண்ணே.”

“டாக்டரு பேசறது எனக்கு வெளங்கல. நீங்க பேசறது வெளங்குது. நீங்களே சொல்லுங்க.”

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அவர் அதற்கும் தலையசைத்தார்.

ஒப்பீடு தொடங்கியது. செலவுக்குக் கடைச் சீட்டுகளையும், உள்ளே போனதற்கு வார்டுக் குறிப்பேட்டையும் சிஸ்டரிடம் கேட்டு வாங்கினேன். தொங்கும் பாட்டில் முறைக்கு ஒரு பத்தி: பாட்டில், ட்ரிப் செட், பஞ்சு, ஸ்பிரிட், நர்ஸ் நேரம், கொட்டியது. கலக்கும் முறைக்கு ஒரு பத்தி: அதே சத்துக்கள், கூடவே என் நேரம், முகமூடி, சுத்தக் காற்று வீசும் மேசைக்கு மின்சாரம், கிருமிப் பரிசோதனை. மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது. அதை யாரும் வழி என்று சொல்வதில்லை. கை நரம்பில் வெறும் குளுக்கோஸ். காசு தீர்ந்தவர்களுக்கு நடப்பது அதுதான். விலையில் அதை எதுவும் ஜெயிக்க முடியாது. உடம்பு தன் சதையையே தின்று தீர்ப்பதற்குக் கடைக்காரன் பில் போடுவதில்லையே. ஆகவே பாட்டிலுக்கு என்ன விலை என்று பார்க்காமல், உள்ளே போன சத்துக்கு என்ன விலை என்று பார்த்தேன். அந்த அளவில் கலக்கும் முறைதான் ஜெயிக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

தோற்றது. தனித்தனி பாட்டில்தான் மலிவு என்று வந்தது. கொஞ்சநஞ்சமல்ல, நல்ல வித்தியாசம்.

திரும்பப் போட்டேன். அதே விடை. வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் அதே நினைப்பு.

“ஏட்டி, சோத்துல கைய வச்சுட்டு என்னத்தட்டி அப்படி யோசிக்க?” என்றாள் அம்மா.

“கணக்கு தப்பா வருதும்மா.”

அப்பாவுக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “விடை பிடிக்கலன்னா கணக்கு தப்புங்கா. எங்க செக்‌ஷன் ஆபீசர் தோத்தாரு,” என்றார்.

கோபத்தில் ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்தேன். ஆனால் கோபம் ஒரு நல்லது செய்தது. மறுநாள் காகிதத்தை மூடிவிட்டு, கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பது என்று போனேன். பார்த்தால், காலி பாட்டில் கூடையில் கிடந்தவை அந்த அண்ணன் வாங்கி வந்தவற்றைவிட அதிகம். வாங்காத பாட்டில் தொங்குமா?

“சிஸ்டர், இவங்களுக்கு பாட்டில் எங்கிருந்து வருது?”

சிஸ்டர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, தன் மேசைக்குப் பின்னாலிருந்த இரும்பு அலமாரியைத் திறந்தார். உள்ளே வரிசையாக பாட்டில்கள். மஞ்சள், வெள்ளை, நிறமற்றவை. ஒன்றுக்கும் முத்திரை உடையவில்லை.

“இது எண்ட கடை.”

“கடையா?”

“ஆமா. வெல இல்லாத்த கடை.”

யாராவது குணமாகி வீட்டுக்குப் போகும்போது, வாங்கி வைத்து மிஞ்சிய பாட்டிலைக் கடையில் திருப்பிக் காசு வாங்கலாம். பெரும்பாலானவர்கள் வாங்குவதில்லை. கிஸீ கே காம் ஆ ஜாயே, யாருக்காவது உதவட்டும் என்று சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பிழைக்காதவர்களின் வீட்டிலிருந்தும் வரும். டாக்சி ஓட்டும் ஒரு சர்தார்ஜி, அப்பாவின் உடலை எடுத்துக்கொண்டு போன வண்டியிலேயே திரும்பி வந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினாராம். பதிமூன்றாம் நாள் சடங்கு முடித்து, பிராமணருக்குக் கொடுக்கிற தானத்தோடு இங்கே ஒரு பாட்டிலும் கொண்டுவந்து கொடுக்கிற குடும்பங்கள் உண்டு.

“நம்ம ஊர்ல குட கொடுக்கும், செருப்பு கொடுக்கும். இவிடே பாட்டில்,” என்றார் சிஸ்டர். “அதெல்லாம்தான் இந்த அம்மைக்கு ஓடுது. அவரு பாவம் வாங்கறது வாங்கட்டும். பாக்கி நான்.”

“இதை ஏன் முன்னாடியே சொல்லலை?”

“நீ சீட்டு கேட்டே, தந்நு. கடையைக் கேட்டோ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. என் பத்தியில் சைபர் என்று நின்ற இடத்தில் இத்தனை பேர் நின்றிருக்கிறார்கள். பெயர் தெரியாது, முகம் தெரியாது. அதில் பாதிப் பேர் அழுதுகொண்டே படி இறங்கிப் போனவர்கள். அவர்கள் கொடுத்ததால்தான் அந்த முறை மலிவாகத் தெரிந்தது.

கடை விலையில் அவற்றைச் சேர்த்துப் போட்டேன். விடை புரண்டது. கலக்குவதுதான் மலிவு. பெரிய டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் நடப்பதை நிறுத்திவிட்டுப் படித்தார். அதையே பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

“காகிதத்துல சரி. கலந்து காட்டு,” என்றார்.

அப்போதுதான் பக்கத்துக் கட்டில் கண்ணில் பட்டது. கரோல் பாகில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர், கணைய வீக்கத்தோடு படுத்திருந்தார். அவருடைய மருமகள் தினமும் பிரம்புக் கூடையில் பாட்டில்களோடு வருவார். அவருக்கும் பாதி மிஞ்சி வாஷ்பேசினுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரே காலையில், ஒரே மேசையில், ஒரு பாட்டிலைத் திறந்து இரண்டு பேருக்கும் அளந்து பிரித்தால் கொட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அந்த மருமகளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“கொட்டறதைத்தானே கேக்கறே? இதுக்கு ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?” என்றார் அவர்.

பணக்காரக் கட்டில் உடனே சம்மதித்தது. நான் எதிர்பார்க்காதது, கள்ளக்குறிச்சி அண்ணன் மாட்டேன் என்றது.

“வேணாம்மா.”

“ஏண்ணே? செலவு குறையும். அவங்களுக்கு நிறையவும் போகும்.”

“நீங்க படிச்சவங்க, நல்லதுக்குத்தான் சொல்லுவீங்க. ஆனா கலக்கறதப் பத்தி எங்கிட்டச் சொல்லாதீங்க. நான் கலவ போடறவன். மேஸ்திரி நிக்கிறப்ப ஒரு கலவ, நிக்காதப்ப ஒரு கலவ. ஒண்ணுக்கு நாலு மணலுன்னு எழுதியிருக்கும், எட்டு போடுன்னு காண்ட்ராக்டரு சொல்லுவான். பூசினப்பறம் எவன் கண்டான்?” குரலைத் தாழ்த்தினார். “சீலு ஒடையாம கண்ணு முன்னாடி வந்தா எனக்குத் தெரியும். நீங்க கீழ ரூமுக்குள்ள வச்சு ஒடச்சு, கலந்து அனுப்பினா, அது உள்ள என்னா இருக்குதுன்னு நான் எப்பிடிம்மா அவளுக்குச் சொல்லுவேன்?”

நான் போட்டுவைத்த பத்திகளில் முத்திரையைக் காட்டித் தலையசைக்கிற அந்த ஒரு நொடிக்கு இடம் இல்லை. அது இலவசம் என்பதால் நான் அதைப் பார்க்கவே இல்லை. கோபமும் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இவ்வளவு பொறுமையாகப் பேசியிருக்க மாட்டேன்.

“மேஸ்திரி நின்னா சரியா கலக்குவாங்கன்னு சொன்னீங்கல்ல?”

“ஆமா.”

“நீங்க வந்து நில்லுங்க.”

சுத்த அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. எந்தக் காலத்திலோ உள்பக்கம் பச்சைப் பெயிண்ட் அடித்து மறைத்துவைத்திருந்தார்கள். மருந்தகத் தலைவரிடம் போய்க் கேட்டேன். “கண்ணாடி உடைஞ்சா உன் சம்பளத்துல பிடிப்பேன்,” என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மத்தியானம் முழுக்க பிளேடால் பெயிண்டைச் சுரண்டி எடுத்தேன்.

மறுநாள் காலை தொப்பி, முகமூடி, கையுறையோடு உள்ளே நான். வெளியே கண்ணாடியில் மூக்கு படுகிற தூரத்தில் அண்ணன். ஒவ்வொரு பாட்டிலையும் அவருக்கு முன் தூக்கிப் பிடித்து முத்திரையைக் காட்டினேன். அவர் தலையசைத்த பிறகு உடைத்தேன். சர்க்கரை, பிறகு அமினோ அமிலம், பிறகு உப்புகள், அளந்து அளந்து. கொழுப்பை மட்டும் கலக்கவில்லை. சேர்ந்தால் திரிந்துவிடுமோ என்ற பயம். அதைத் தனியாக இரண்டு கிருமிநீக்கிய பாட்டில்களில் பிரித்தேன். முடித்து வெளியே வந்து முகமூடியை இறக்கினேன்.

அவர் இன்னொரு தடவை கண்ணாடி வழியாக மேசையை எட்டிப் பார்த்தார்.

“சரியாத்தாம்மா கலக்கறீங்க,” என்றார் கடைசியில். “மணலு ஜாஸ்தி இல்ல.”

என் வேலைக்கு இதுவரை கிடைத்த சான்றிதழ்களில் அதைத்தான் நான் மேலே வைப்பேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர் ஜன்னலுக்கு வந்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். ஜவுளிக்கடை மருமகளும் வேடிக்கை பார்க்க வந்து, அதுவே வழக்கமாகிவிட்டது. இருவருக்கும் பொதுவான பாஷை கிடையாது. அண்ணன் ஒரு பாட்டிலைக் காட்டி “அச்சா?” என்பார், மருமகள் “அச்சா பையா, அச்சா” என்று சொல்லி, காகிதத்தில் சுற்றிய பராத்தாவை அவர் கையில் திணிப்பார். சிஸ்டர் தன் அலமாரியின் பாட்டில்களையும் ஒவ்வொன்றாகக் கீழே அனுப்ப ஆரம்பித்தார்.

நடுவில் ஒரு பயம் வந்து போனது. மழை நின்ற சமயம், அந்த அம்மாவுக்குக் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் அடித்தது. குழாயில் சாப்பாடு போகிற ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் முதலில் எதைச் சந்தேகிப்பார்கள்? கலவையை. பெரிய டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். சரியான முடிவுதான். மறுபடியும் வெறும் குளுக்கோஸ். ஏறிய கொஞ்சம் சதையும் கன்னத்திலிருந்து இறங்குவதை, தினமும் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணனின் முகத்தைப் பார்க்கவே கூசினேன். அவர்தான் வந்து பேசினார்.

“நான் நின்னு பாத்தேம்மா. நீங்க சரியாத்தான் போட்டீங்க. இது வேற என்னமோ.”

வேறு என்னமோதான். கலவையில் கிருமி இல்லை, குழாயிலும் இல்லை என்று பரிசோதனை வந்தது. ரத்தப் பரிசோதனையில் மலேரியா இருந்தது. ஒருவருக்கு மலேரியா என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் தில்லியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சந்தோஷப்பட்டதற்கு வெட்கப்பட்டும் கொண்டேன். மருந்து கொடுத்துக் காய்ச்சல் இறங்கியது. ஜன்னலுக்குப் பின்னால் கலவை மறுபடி தொடங்கியது.

காயத்தின் கசிவு குறைந்தது. பிறகு பஞ்சு உலர்ந்தே வந்தது. பெரிய டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, அன்று மட்டும் அவசரப்படாமல், “தால் கா பானி கொடுங்கள்” என்றார். சமையல்கூடத்திலிருந்து ஒரு கிண்ணத்தில் பருப்புத் தண்ணீர் வந்தது. சிஸ்டர் ஸ்பூனால் ஊட்டினார். அண்ணன், நான், ஜவுளிக்கடை மருமகள் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். அந்த அம்மா விழுங்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

“உப்பே இல்ல,” என்றார்.

அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

அந்தப் பருப்புத் தண்ணீர் வெளியே கசியவில்லை. மறுநாளும் கசியவில்லை. தோளிலிருந்து குழாயை எடுத்தார்கள். வீட்டுக்குப் போகிற காலையில் அண்ணன் ஜன்னலுக்கு வந்தார். தலைத்துண்டுக்குள் ஒரு பாட்டில். முந்தின வாரம் வாங்கியது, முத்திரையோடு இருந்தது.

“கடையில திருப்பிக் குடுத்துக் காசு வாங்கிக்கோங்க அண்ணே. அவங்களுக்கு முட்ட, பால் வாங்கணும்ல.”

“ஒடைங்கம்மா.”

“என்னது?”

“இன்னிக்கு யாருக்குக் கலக்கறீங்களோ அவங்களுக்கு ஒடைங்க. நான் நின்னு பாத்துட்டுப் போறேன்.”

வாங்கிக்கொண்டு உள்ளே போய் முத்திரையைத் தூக்கிக் காட்டினேன். தலையசைத்தார். உடைத்தேன். புதிதாக வந்திருந்த ஒரு பெண்ணுக்கும், இன்னும் படுத்திருந்த ஜவுளிக்கடைப் பெரியவருக்கும் அது போனது. அண்ணன் கடைசிச் சொட்டு வரை நின்று பார்த்துவிட்டுத்தான் மனைவியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனார்.

பெரிய டாக்டர் சொன்னபடி கமிட்டிக்கு எடுத்துப் போனார். ஐ.சி.யு. வரைக்கும் செய்து பாருங்கள் என்று அனுமதி வந்திருக்கிறது. சிஸ்டரின் அலமாரி இப்போது ஜன்னலுக்குப் பக்கத்தில், எங்கள் வராந்தாவில் நிற்கிறது. சாவி மட்டும் இன்னும் சிஸ்டர் இடுப்பில். என் ஒப்பீட்டில் ‘பெயர் தெரியாதவர்கள் கொடுத்தது’ என்று ஒரு வரி நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டது. அதை ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும், அவர்களில் ஒருவரையாவது பார்த்து நன்றி சொல்ல முடிந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றும். கூடவே இன்னொன்றும் தோன்றுகிறது. அப்படி ஒருவரை நான் பார்த்தாகிவிட்டது, தலைத்துண்டும் பாட்டிலுமாக.

கமிட்டியிலிருந்து வந்த அன்று பெரிய டாக்டர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார், வழக்கம்போல நடந்துகொண்டே. “முனிம்ஜி, அவள் குடலில் ஓட்டைக்குக் கீழே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அந்த இடத்துக்கு ஒரு மெல்லிய குழாயை இறக்கி, சமையல்கூடத்துச் சாப்பாட்டையே அரைத்து வடிகட்டி அனுப்பினால்? ரத்தக்குழாய்க்கு ஒரு விலை போட்டாய். குடலுக்கு என்ன விலை?”

போய்க்கொண்டே இருந்தார். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஒரு வாரமாக அதே நினைப்புதான். பருப்பு, பால், வாழைப்பழம், முட்டை, கொஞ்சம் எண்ணெய். கட்டியில்லாமல் அரைய வேண்டும், மெல்லிய குழாயில் அடைக்காமல் இறங்க வேண்டும், உள்ளே போகிற சத்து அளந்தபடி இருக்க வேண்டும். சமையல்கூடத்தில் இருப்பது ஒரு அம்மி, அதில் அரைத்தால் கட்டி நிற்கிறது. சிஸ்டர் வடிகட்டத் துணி தருகிறார். யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம் என்று சமையல்காரரிடம் முதலிலேயே சொல்லிவைத்துவிட்டேன். உப்புப் போடவும் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. போன தடவை ஊருக்குப் போனபோது அம்மா மெட்ராசில் ஒரு மிக்ஸி வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். திங்கட்கிழமை காலை அது என்னோடு பஸ்ஸில் மருத்துவமனைக்கு வருகிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.